பதினாறாம் இலக்கச் சட்டை: இறக்காமத்திலிருந்து கல்முனைக்கு ஒரு நாள்

யுத்தம் முடிந்து இரண்டு மாதம் கழிந்த ஒரு சனிக்கிழமை, என் காக்கா (அண்ணன்) றிபாஸும் நானும் இறக்காமத்திலிருந்து கல்முனைக்குப் போனோம். கடற்கரைப் பாதையால் பயணம் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் நாங்கள் போனது கடல் பார்க்க அல்ல, ராடு சேரைப் பார்க்க.

ராடு சேர் ருமேனியா நாட்டவர், ஓய்வு பெற்ற உதைபந்தாட்ட நடுக்கள வீரர். சுனாமிக்குப் பிறகு நாங்கள் கல்முனையில் முகாமில் இருந்தபோது ஒரு நிவாரண நிறுவனத்தின் தண்ணீர் பவுசரை ஓட்டினார். (இந்த இடத்தில் எல்லாரும் "பவுசரா?" என்று கேட்பார்கள். ஓம், பவுசர்தான், தண்ணீர் கொண்டுவரும் லொறி.) காலையில் தாங்கிகளை நிரப்பிவிட்டு, பின்னேரம் முகாமுக்குப் பின்னால் இருந்த வெளியில் பொடியன்களுக்குப் பந்து பழக்கினார். முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே அணி. காக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. காக்காவின் வலது காலைத் துணியால் சுற்றிவிட்டு, "இனி இடதுகாலால் மட்டும்" என்று மூன்று மாதம் விளையாட வைத்தார். பிறகு கிழக்கில் மீண்டும் சண்டை தொடங்கியது. நிறுவனம் போனது, அவரும் போனார். நாங்கள் உம்மாவின் சொந்தக்காரரிடம் இறக்காமத்துக்கு வந்தோம்.

இப்போது ஒரே ஒரு நாளைக்கு அவர் திரும்பி வருகிறார், பழைய முகாம் அணி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் முன்னால் விளையாடும் என்று செய்தி வந்தது. அவரும் பத்து நிமிடம் இறங்கி விளையாடுவாராம். காக்கா அன்றிரவே பூட்ஸைத் துடைத்து வைத்தான். அந்த இடதுகாலை அவருக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். வேறு ஒன்றும் அவனுக்குத் தேவையில்லை.

வயலில் வெள்ளாமை வெட்டு நடக்கிற நேரம். வாப்பா ஒரு நிபந்தனையோடுதான் விட்டார். "கடைசி பஸ்ஸுக்கு வந்திரணும். மறுகா யானை றோட்டுக்கு வந்தா என்னால கூட்டிட்டு வர ஏலா."

இறக்காமத்திலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ் காலை பத்து மணிக்கு. இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில். அக்கரைப்பற்றுச் சந்தியில் இறங்கி, தேநீர் குடித்து, கல்முனை பஸ் ஏறினோம். சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம், ஆளுக்கு நாற்பது ரூபா. பஸ்ஸில் நான் ராடு சேரின் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். காக்காவுக்கு அது மனப்பாடம்.

"அவர்ர வாப்பா ரயில் பெட்டி செய்ற வேலைத்தளத்துல. அந்த ஊர் கிளப்பும் ரயில்காரர்ர கிளப்தான். பதினாறு வயசுல சேர்ந்தாரு."

"ஏன் நடுக்களம்?"

"முன்னுக்கு ஓட வேகம் காணாது, பின்னுக்கு நிக்க உயரம் காணாது. அவரே சொன்னது. நீ என்ன, பொலிஸ் மாதிரிக் கேக்கிறாய்?"

பஸ் ஒலுவில் தாண்டும்போது, கதையில் அவர் பதினொரு வருடம் ஒரே கிளப்பில் இருந்து முடித்திருந்தார். பெரும்பாலும் இரண்டாம் பிரிவு. இரண்டே வருடம் முதலாம் பிரிவு. அந்த இரண்டு வருடத்துக்குள் ஒரு தடவை தேசிய அணிக்கு அழைத்தார்கள். குளிர் நாடொன்றில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். பதினாறாம் இலக்கச் சட்டையைப் போட்டு, அதற்கு மேல் தடித்த கோட்டும் போட்டு, மாற்று வீரர்களின் வாங்கில் இருந்தார். இரண்டாம் பாதியில் பயிற்றுநர் உடம்பைச் சூடாக்கச் சொன்னார். கோட்டைக் கழற்றிவிட்டு மைதான ஓரமாக ஓடினார். அந்த நேரம் பார்த்துப் பின்களத்தில் ஒருவர் காயப்பட்டார். பயிற்றுநர் வேறு ஆளை இறக்கினார். இவர் கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் அழைக்கவில்லை.

"வீட்ட போனதும் அவர்ர உம்மா சட்டையத் துவைக்கக் கேட்டாவாம்," என்றான் காக்கா. "துவைக்கத் தேவையில்ல, வேர்வையே படல்ல எண்டாராம்."

நிந்தவூரில் ஒரு கூட்டம் நெல் மூட்டைகளோடு ஏறியதால் மிச்சக் கதையை நின்றுகொண்டே கேட்டேன். அவருடைய நாட்டில் ஆட்சி மாறியது, வேலைத்தளம் மூடியது, கிளப்புக்குக் காசில்லை. சைப்பிரசில் இரண்டு வருடம் ஆடினார். முழங்கால் போனது. லொறி ஓட்டினார். லொறியிலிருந்து பவுசருக்கு வந்தார். காரைதீவுச் சந்தியில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்தார்கள். (யுத்தம் முடிந்தாலும் அட்டையை மறக்க வேண்டாம்.)

மைதானத்துக்கு வந்தபோது அணி ஏற்கெனவே நின்றது. மீன்பிடிக் குடும்பத்து ரஞ்சன் காக்காவைக் கண்டதும் கத்தினான்.

"டேய், வயல்காரா! சேறு மிதிச்சு கால் வேரோடிப் போச்சா?"

"உன்ட மீன்வலைக்குள்ள பந்துகூட நிக்காது. நீயா என்னைக் கதைக்கிற?"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்தார்கள். கண்டு மூன்று வருடம்.

பிரச்சினை மேடையில் இருந்தது. பந்தல், கதிரைகள், ஒலிபெருக்கி, ஒரு மேசை நிறையப் பொன்னாடைகள். பள்ளிவாசல், கோயில், பாடசாலைகள், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகங்கள் என்று எல்லாரையும் அழைத்திருந்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்து மனிதரும் ஒரே பந்தலில் இருக்கும் நாள். யாரைப் பேச விடாமல் விட்டாலும் மனக்கசப்பு வரும். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியாதது.

ராடு சேர் அஸர் முடியும் நேரம் வந்தார். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. கதிரையில் இருந்ததும் பைக்குள்ளிருந்து பழைய பூட்ஸை எடுத்து மேடையிலேயே போட்டுக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பேச்சுத் தொடங்கியது.

ஒவ்வொருவரும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியதை உடனே கழற்றுவது மரியாதை இல்லை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். யூலை வெயிலில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அவர் தோளில் ஏறியது. கழகச் செயலாளர் ஹனீபா மாமா என்னிடம் இளநீர் கொடுத்து மேடைக்கு அனுப்பினார். ராடு சேர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கேள்வி கேட்கும் பிள்ளை" என்றார் ஆங்கிலத்தில். ஒலிபெருக்கியைக் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"நீங்கள் உலகக் கிண்ணத்தில் விளையாடினீர்கள் என்று சொல்கிறார்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்குக் கோட் மட்டும்தான் கிடைத்தது," என்றார். பிறகு கேட்டார்: "ஆட்டம் எப்போது?"

நான் இறங்கி ஹனீபா மாமாவிடம் போனேன்.

"இந்தா முடிஞ்சிரும் மகள். இன்னும் நாலு பேர்தான்."

"சேர் ஆட்டம் எப்ப எண்டு கேக்கிறாரு மாமா."

"சும்மா கேக்கிறாரு. வயசான மனிசன், அவர் எங்க விளையாடப் போறாரு? இருந்து பாக்கட்டும்."

நாலாவது ஆள் பேசி முடித்தபோது, பட்டியலில் இல்லாத ஒருவர் எழுந்து வந்தார்.

அணியைத் தயாராக நிற்கச் சொல்லியிருந்ததால் காக்காவும் ரஞ்சனும் மற்றவர்களும் மைதான ஓரமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். போய் வந்து, போய் வந்து. ராடு சேர் பேச்சாளர்களைப் பார்க்கவில்லை, ஓடுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தேகாலுக்குப் புறப்படாவிட்டால் எங்களுக்கு இறக்காமம் பஸ் இல்லை. ஐந்தரை வரை காக்கா ஓடினான். பிறகு நின்று என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"போறியாடா?" என்றான் ரஞ்சன்.

"வாப்பா நிப்பாரு."

நாங்கள் கேற்றடிக்கு நடப்பதை ராடு சேர் கண்டார். சட்டென்று எழுந்தார். கையை உயர்த்தி என்னவோ சொல்ல வாயெடுத்தார். பேசிக்கொண்டிருந்தவர் தனக்குத்தான் மரியாதை செய்கிறார் என்று நினைத்து, ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். முழுப் பந்தலும் எழுந்து கைதட்டியது. அந்தத் தோளுக்கு மேலால் அவருடைய கை மட்டும் தெரிந்தது.

ஆட்டம் நடக்கவில்லை. கடைசிப் பேச்சு முடியவும் மஃரிப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்ததாம், பிறகு இருட்டி, சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார்களாம். ரஞ்சன் மறுநாள் போனில் சொன்னான். விடியவே ராடு சேர் கொழும்புக்குப் போய்விட்டார்.

கல்முனை போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே புறப்படுங்கள். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். கடலோரம் இன்னும் இடிந்த வீடுகள் நிற்கின்றன, படம் எடுக்கும் முன் அங்குள்ளவர்களைக் கேளுங்கள். அக்கரைப்பற்றிலிருந்து இறக்காமம் பக்கம் போகும் கடைசி பஸ் ஆறேமுக்காலுக்கு. நாங்கள் ஏறும்போது அது உருளத் தொடங்கியிருந்தது. நீங்கள் ஒரு விளையாட்டு வீரரை ஊருக்கு அழைப்பதாக இருந்தால், தயவுசெய்து, முதலில் பந்தை அவர் காலடியில் வையுங்கள். பொன்னாடை இரவிலும் போர்த்தலாம். பந்து விளையாட வெளிச்சம் வேண்டும்.

காக்கா பஸ்ஸிலும் பூட்ஸைக் கழற்றவில்லை. வீட்டு வாசலில்தான் கழற்றினான். ஓடிய வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உம்மா கையை நீட்டினா.

"கழட்டித் தா மகன், துவைச்சுப் போடுறன்."

"வேணாம் உம்மா," என்றான் காக்கா. "துவைக்கத் தேவையில்ல."