சாமிக்கிணற்றில் தூர் வாரியவர்

அன்று கிணற்றடியில் இருந்தது ஐந்து பேர்: பூசாரி, ஊர் நாட்டாண்மை, பக்கத்து நிலத்துக்காரர், தூர் வார வந்தவர், கலசப்பாக்கத்திலிருந்து அவரை மலைக்குக் கூட்டிவந்த நான். மலைமேல் எங்கள் காவலூருக்கு பஸ் வந்த புதிது.

பல வருஷமாக யாரும் இறங்காத அம்மன் கிணறு அது. தூர் வார வந்தவர் ஒல்லியான ஆள், காதிடுக்கில் பாதி பீடி. ஒவ்வொரு கூடைச் சேற்றையும் கையால் துழாவுவார். யாரோ வேண்டிப் போட்ட காசு அகப்பட்டால் தண்ணீரிலேயே திரும்பப் போட்டுவிடுவார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து கூலி கேட்டார்.

“கோயில் கெணறு, கோயிலு குடுக்கட்டும்” என்றார் நாட்டாண்மை.

“உண்டியல்ல இன்னா கீது? ஊரு குடுக்கட்டும்” என்றார் பூசாரி.

நிலத்துக்காரர் மடியிலிருந்து பணத்தை எடுத்தார். “முழுசும் நானே தர்றேன், புடிப்பா.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. தூர் வாரியவர் கை நீட்டவில்லை.

“உங்க ஒருத்தர் கையால வாங்கினா, தூர் வாரினது நான்தான்னு நாளைக்கி வேலி போட்டுடுவீங்க. கீழ ரெண்டு கெணறு அப்டிதான் போச்சிங்க. வூட்டுக்கு ஒரு ரூபா வசூல் பண்ணிக் குடுங்க, போதும்.”

“வேலி போட்டா உனக்கு இன்னாய்யா?” என்றார் நிலத்துக்காரர்.

“மறுபடி தூர் வார என்னை உள்ள வுட மாட்டீங்களே!” என்று சிரித்தார்.

என்னிடம் பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். வசூலித்து அனுப்புவதாகச் சொன்ன நான் நாற்பத்தைந்து வீட்டுக்கும் அலைந்து ஓய்ந்துவிட்டேன்; ஒரு ரூபாயும் தேறவில்லை. கிணறு இன்றும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. ஊர் அவருக்குத் தரவேண்டிய நாற்பத்தைந்து ரூபாய் இன்னும் பாக்கி.