கழுவிவிட்ட கொட்டகை

செல்லி அத்தையின் கோழிக்கொட்டகை ஒருநாளும் நாறியதில்லை. நாறியது என்று எங்கள் ஊரில் யார் சொன்னாலும், அவர் அந்தப் பக்கம் போகாமலே சொல்கிறார். நான் போயிருக்கிறேன், கையை உள்ளே விட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு முழ ஆழத்துக்குச் சாமை உமியும் காய்ந்த சருகும் கிடக்கும். அடியில் உடம்புச் சூடு போல ஒரு வெதுவெதுப்பு. புதுமழை பெய்த காட்டின் வாசனை.

அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் புளி உலுக்க ஏறி விழுந்ததில் இடுப்பு பிசகிவிட்டது. அந்த மழைக்காலம் முழுக்கக் குனிந்து கூட்ட முடியவில்லை. நின்றபடியே தினமும் ஒரு முறம் உமியை எச்சத்தின் மேல் வீசினார். அதன் மேல் நாலு கேழ்வரகை இறைத்தார். கோழிகளே கிளறிக் கலந்துவிட்டன. இடுப்பு சரியாகி உள்ளே குனிந்து பார்த்தபோது ஈரமும் இல்லை, ஈயும் இல்லை. வழக்கமாக மழையில் சாகும் குஞ்சுகள் அந்த வருடம் சாகவில்லை. அதற்குப் பிறகு அவர் அடிவரைக்கும் சுரண்டியதே கிடையாது.

இதற்கு ஆழ்கூளம் என்று பெயர். எங்கள் ஊரில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், வேளாண்மைதான் படித்தேன். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் எடுத்தவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அத்தைக்குப் புருசன் இல்லை. நிலம் மைத்துனர் கையில். அந்தக் கோழிகளை வைத்துத்தான் மகள் கவியாவைச் செங்கத்தில் விடுதியில் விட்டுப் படிக்கவைக்கிறார். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இந்த ஆடியில் மூன்று கோழிகள் பொரித்துப் பத்தொன்பது குஞ்சுகள் இருந்தன.

ஆடியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் ஊரே கழுவி மெழுக வேண்டும். அடுப்பில் பழைய சாம்பல்கூட இருக்கக் கூடாது. அது நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தமுறை கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் தாண்டவராயன் அத்தையைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இன்னா செல்லி, வருசக்கணக்குல குப்பைய வூட்டோட வெச்சிருக்க. ஆத்தா எப்படி ஊருக்குள்ள வருவா?"

"வூட்டை மெழுவுறேன், வாசலை மெழுவுறேன். கோழி இருக்கிற எடத்துல மட்டும் தண்ணி ஊத்தாதீங்க கவுண்டரே. குஞ்சு இருக்குது."

இவள் பாயில் படுத்துக்கொண்டு கோழிக்கு மெத்தை போட்டிருக்கிறாள் என்று எவனோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். முழு மதிப்பெண் வாங்கிய நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அத்தை களையெடுக்கப் போன நேரம் பார்த்து நான்கு பையன்களை அனுப்பினார்கள். கூளத்தை அடிவரைக்கும் வாரி டிராக்டரில் ஏற்றினார்கள். தரையைக் கழுவிச் சாணம் மெழுகி வாசலில் வேப்பிலையும் கட்டிவிட்டுப் போனார்கள். அத்தை திரும்பும்போது தூறல். மெழுகிய தரை காயவில்லை. வீட்டில் இருந்த இரண்டு முறம் உமியையும் சாக்கையும் விரித்தார். பற்றவில்லை. விடிந்து பார்த்தால் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, பதின்மூன்று குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன.

அத்தை அழவில்லை. வாரிய கூளம் எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கு வெளியே எங்காவது கொட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? கவுண்டரின் கேழ்வரகுக் கொல்லையில் குவித்திருந்தார்கள். நாற்று நடத் தயாராக இருந்த கொல்லை.

அத்தை கூடையை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். மேலே நனைந்திருந்ததை ஒதுக்கி நடுவில் கையை விட்டார். உலர்ந்திருந்தது, சூடும் இருந்தது. கூடை நிறைய அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு கோவில் வழியே நடந்தார். பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"காப்புக் கட்டியிருக்குது. அதத் தூக்கிக்கினு இந்த வழியா வராத," என்றார் கவுண்டர்.

அத்தை கூடையை அவர் முன்னால் இறக்கினார். "ஆத்தாவுக்கு ஆவாதுன்னு வாரிட்டீங்க. உங்க கொல்லைக்கு மட்டும் எப்படிங்க ஆச்சு?"

சும்மா ஓரமாகப் போட்டு வைத்ததாக அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பந்தலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி வடிவு, தலையைத் திருப்பாமலே சொன்னார்: "காலைல நாத்துக்கு நல்ல எருன்னு சொன்னியே."

மறுபடியும் சிரித்தார்கள். இந்தமுறை அத்தையைப் பார்த்து இல்லை.

"தூக்கி வுடு தம்பி," என்றார் அத்தை. தூக்கிவிட்டேன். பிறகு நானும் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தேன். அந்த வழியாகவே ஒன்பது நடை நடந்தோம். யாரும் தடுக்கவில்லை. சாமை குத்தும் மாணிக்கம்மாள் வீட்டில் புது உமி வாங்கி, பழைய கூளத்தோடு கலந்து பரப்பினோம். மிஞ்சிய ஆறு குஞ்சுகளும் அன்றைக்கே அதைக் கிளற ஆரம்பித்தன.

காப்பு அவிழ்த்தாயிற்று. கவுண்டர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மீதிக் கூளத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அது கிடந்த மூலையில் மட்டும் கேழ்வரகு கருகருவென்று செழித்து நிற்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். அத்தை செங்கத்துக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்தார். வீட்டுக்கதவுக்கு இன்றைக்கும் வெறும் சங்கிலிதான். பூட்டு கொட்டகையில் தொங்குகிறது.