எத்திராஜ் அழித்த வளைவு

கள்ளிக்குப்பத்து எத்திராஜுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பூஜைக்கு உட்கார்ந்தாலும் கற்பூரம் அணைவதற்குள் எழுந்து செருப்பைத் தேடுவார். "சாமி கண்ணத் தொறந்து பாக்கறதுக்குள்ள நீ தெருமுனைக்குப் பூடுவே" என்று அவர் மனைவி சொர்ணம் கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவருக்கு நின்றபடியே செய்கிற வேலையைத்தான் கடவுள் கொடுத்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், பலகைக்கு முன்னால் நின்று இரும்புச் சாமான்களின் படம் வரைவது. தொண்ணூற்றேழில் முதலாளி ஜானகிராமன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதன்பிறகு பலகை வேலை குறைந்துகொண்டே வந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. உட்காரவே தெரியாத எத்திராஜ் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டார்.

போட்டிக்கு இன்னொருத்தியும் இருந்தாள். புஷ்பா, டிப்ளமா படித்த பெண். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடி பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குடும்பம் குவார்ட்டர்ஸில் இருந்தது.

ஜானகிராமன் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "எத்திராஜ், இந்த பிராக்கெட் வேலைய சுத்தமா முடிச்சிட்டா சீட்டு உனக்கு. இல்லன்னா புஷ்பா உக்காரட்டும். நீ பழையபடி பலகைக்குப் போயிடு."

பஸ்ஸில் பிரேக் மிதியைத் தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட் அது. அம்பத்தூரை அடுத்த பாடியில் உள்ள ஒரு கம்பெனி கேட்டிருந்தது. வார்ப்பதற்கு முன்பே அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். அதற்கு, பிராக்கெட்டின் உருவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் சமோசா மாதிரி, நாலு மூலை, நாலு முகம். எல்லாத் துண்டும் சேர்ந்ததற்கு மெஷ் என்று பெயர். சமோசா புடைப்பாக இருந்தால் கணக்கு சரியாக வரும். யாரோ மேலே உட்கார்ந்துவிட்ட சமோசா போலச் சப்பையாக இருந்தால் கணக்கு தப்பும். சப்பையானதைக் கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டும், நல்லதைப் பச்சையாகக் காட்டும்.

எத்திராஜின் மெஷ்ஷில் சிவப்பு போகவே மாட்டேன் என்றது. மூட்டைப்பூச்சி மாதிரி, இங்கே நசுக்கினால் அங்கே வந்து நின்றது. எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றித்தான். பிராக்கெட்டின் கை அடிப்பலகையோடு சேர்கிற மூலையில் விரல் தடவினாற்போல ஒரு சின்ன வளைவு உண்டு. பட்டறையில் அதை ரேடியஸ் என்பார்கள். அங்கேதான் துண்டுகள் நசுங்கின.

வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுக்குப் போய்க் கருமாரியம்மனிடம் நின்றார். "அம்மா, அந்த சிவப்பு போவணும். வேற இன்னா கேக்கப் போறேன்."

மறுநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பிராக்கெட்டின் மேல் புடைத்திருந்த கம்பெனிப் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஜானகிராமனே சொல்லியிருந்தார். பாரம் தாங்காத சின்னச் சாமானெல்லாம் மெஷ்ஷுக்கு வேண்டாமாம். அப்படியானால் இந்தத் தம்மாத்தூண்டு வளைவும் எதற்கு? எடுத்தார். மூலை நறுக்கென்று நேராக நின்றது. மெஷ் போட்டார். ஒரு சிவப்புகூட இல்லை.

"எண்ணே, வயக்காடு மாதிரில்லா பச்சைப் பசேல்னு இருக்கு!" என்றாள் புஷ்பா.

"ஆத்தா குடுத்தாம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாரம் ஏற்றினால் இரும்புக்குள் எவ்வளவு அழுத்தம் வரும் என்ற கணக்கும் எல்லைக்குள் வந்தது. திங்கட்கிழமை காலை ஜானகிராமன் அந்தக் கணக்கைப் பேப்பரில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பாடிக்குக் கிளம்பினார். "பார்ட்டி சரின்னு சொன்னா நாளைக்கே வார்க்கறதுக்கு அச்சு வெட்ட ஆரம்பிச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எத்திராஜுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பச்சை இன்னும் அழகாக வருமா என்று பார்க்க, மூலைப் பக்கம் துண்டுகளைப் பொடியாக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினார். மூலையில் அழுத்தம் ஏறியிருந்தது.

"கொஞ்சம் மாறத்தான்ணே செய்யும். பொறவு ஒரு இடத்துல நின்னுரும்" என்றாள் புஷ்பா.

இன்னும் பொடியாக்கினார். இன்னும் ஏறியது. இப்போது எல்லையைத் தாண்டிவிட்டது. திரும்பவும் ஓட்டினார். நிற்கவே இல்லை. மெஷ் மட்டும் அதே பச்சை. எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்து திரையை முறைத்தார்.

"அந்த மூலையில என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றார். "அதாம்மா வில்லங்கம். அங்க ரேடியஸ் இருக்கணும். நான் புடுங்கிட்டேன்."

"ஏண்ணே?"

"சிவப்பு போவட்டும்னு."

பலகையில் எவனாவது அந்த வளைவை விட்டு வரைந்திருந்தால் அவரே பென்சிலைப் பிடுங்கியிருப்பார். வளைவில்லாத மூலையில் பாரமெல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து இரும்பு விரிசல் விடும் என்று அவருக்குத் தெரியாதா? கம்ப்யூட்டரில் வண்ணத்தைப் பார்த்தவர் இரும்பைப் பார்க்காமல் விட்டார்.

பாடிக்குப் போன் போட்டார். சார் மீட்டிங்கில் இருக்கிறார், கூப்பிட முடியாது என்றார்கள். போனை வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தார். உள்ளே இடம் இருந்தும் முன்பக்கப் படிக்கட்டிலேயே நின்றார். முன்னால் ஒரு லாரி ஊர, அவர் கம்பியைப் பிடித்து முன்பக்கம் தள்ளினார். "இன்னா நைனா, நீ தள்ளினா பஸ்ஸு வேகமாப் போவுமா?" என்றார் கண்டக்டர். வழியெல்லாம் டிரைவரின் கால்தான் அவர் கண்ணில் பட்டது. அந்தக் கால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவரும் படியை அழுத்தி மிதித்தார்.

சிவப்பு போகணும் என்றுதானே அம்மனிடம் கேட்டோம்? பஸ் நிற்கணும் என்று கேட்கவே இல்லையே! அவள் என்ன செய்வாள், பாவம்.

பாடிக் கம்பெனியில் வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனார். ஜானகிராமன் அங்குள்ள இன்ஜினீயர் பார்த்தசாரதியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பேப்பரக் குடுக்காதீங்க."

"யோவ், நீ எங்கய்யா இங்க?"

எத்திராஜ் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். பார்த்தசாரதி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அப்ப பிராக்கெட் தாங்குமா, தாங்காதா?" என்றார்.

"தெரியாது சார். காலைல தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்."

பார்த்தசாரதி பேப்பரை மடித்து ஜானகிராமன் பக்கம் தள்ளினார். "சரியாப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் அச்சு வெட்ட வேணாம்."

ஜானகிராமன் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். எஸ்டேட் நெருங்கும்போது, "தனியா கூப்ட்டுச் சொல்லக் கூடாதா? பார்ட்டி முன்னாடி மானத்த வாங்கிட்டியே" என்றார்.

"எங்க சார், மனசு கெடந்து அடிச்சிக்கிச்சி."

"சீட்டு புஷ்பாவுக்கு. உன்னோட பச்சைய நம்பி இன்னொரு தடவ நான் போக முடியாது."

"நாயம்தான் சார்."

மறுநாள் புஷ்பா நாற்காலியில் உட்கார்ந்தாள். வளைவைத் திரும்ப வைத்து, அந்த இடத்தில் மட்டும் துண்டுகளைப் பொடியாக்கினாள். சப்பைத் துண்டு கொஞ்சம் வரத்தான் செய்தது. வளைவில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். தூரத்தில், பாரமே விழாத ஓரத்தில் இருந்த சிவப்பை அப்படியே விட்டாள். அதைப் பார்த்து எத்திராஜின் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

கணக்கு ஓடியது. பொடியாக்கி மறுபடி ஓட்டினாள். அழுத்தம் சற்று ஏறியது. அடுத்த முறை ஏறவில்லை, நின்றுவிட்டது.

"நின்னுட்டுண்ணே" என்றவள் உடனே உதட்டைப் பிதுக்கினாள். "ஆனா எல்லைக்கு மேல நிக்கி. இது தாங்காது."

எத்திராஜ் தன் பலகைக்குப் போய்த் தாளை விரித்தார். அதே மூலையில் இன்னும் பெரிய வளைவாகப் போட்டு, அடியையும் கொஞ்சம் தடிப்பாக்கி, மை காய்வதற்குள் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இத்த ஓட்டிப் பாரும்மா."

"டீ குடிச்சிட்டு வந்து ஓட்டட்டா?"

"டீய நான் வாங்கியாறேன். நீ ஓட்டு."