கவாத்தும் பட்டமும்

பொங்கல் கழிந்த மறுநாள் காலை, காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில், கொடி வெட்டும் கத்தரியோடு மெலிந்த பெரியவர் ஒருவர் என்னருகில் அமர்ந்தார். திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டிய நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். மகனை இன்ஜினியரிங் படிக்கவைக்கத் திராட்சைத் தோட்டத்தை விற்றவர், இப்போது அதே தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

"மகன் பொங்கலுக்கு வந்தாரா?" என்றேன்.

"வேலை கெடைச்சாத்தான் வருவானாம். மூணு பொங்கல் போச்சு. வெட்டிவிட்டா நூத்திருபது நாள்ல கொடி பழம் குடுக்குது சார். பட்டம் எத்தன நாள்ல குடுக்கும்?"

அவர் தன் போனை நீட்டினார்.

"நீங்க படிச்சவுக. வேலை இல்லாட்டியும் வான்னு சொல்லுங்க. நாஞ் சொன்னா கேக்க மாட்டேங்குறான்."

வாங்கி அழைத்தேன்; மணி அடித்து ஓய்ந்தது, மகன் எடுக்கவில்லை. தோட்டம் வந்துவிட்டது. இறங்கியவர் மறுபடி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். கொடிக்கா, மகனுக்கா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.