செல்லம்மா அக்காவின் கள்ள ஆட்டம்

போன சனிக்கிழமை, ஒரு தாய் தன் சொந்த மகளை ஏமாற்றுவதை என் கண்ணால் பார்த்தேன். அதுவும் பட்டப்பகலில், சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மரியாதையான வீட்டில்.

அந்தத் தாய் செல்லம்மா அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் துறைமுக ஆபீஸில் கிளார்க். பத்து வயது மகள் யோகத்தோடு தரையில் உட்கார்ந்து சொங்காக் ஆடிக்கொண்டிருந்தார். சொங்காக் தெரியாதவர் பினாங்கில் இருக்க முடியாது... இருந்தால், நம் பல்லாங்குழிக்கு மலாய்க்காரச் சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழிக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டுக்கொண்டே வந்த அக்கா, ஒரு குழியில் மட்டும் சத்தமில்லாமல் இரண்டைப் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளையிடமா?

யோகம் பலகையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "பிடிச்சிட்டன்" என்று கைதட்டிச் சிரித்தாள். அக்காவும் சேர்ந்து சிரித்தார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

"பாவம்லா அக்கா இந்தப் புள்ள. அதுகிட்டப் போய் இப்படிப் பண்றீங்களே" என்றேன். இதுதான் இந்த வீட்டுப் பள்ளிக்கூடம் என்றார் அவர்.

விஷயம் இதுதான். யோகம் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளை. சின்ன வயதில் வந்த ஒரு பொல்லாத காய்ச்சல் அவள் காலைப் பலவீனமாக்கிவிட்டுப் போனது. அக்கா ஊரில் மிஷன் பள்ளியில் படித்தவர், இங்கிலீஷும் கணக்கும் தெரிந்தவர். தானே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்தால் பிள்ளை கொட்டாவி விட்டாள். அதனால் அக்கா புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கள்ள ஆட்டத்தைக் கையில் எடுத்தார்.

சமையலறைத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம். அம்மாவின் புலி திடீரென்று தாண்டக் கூடாத இடத்தில் தாண்டும். கதை சொன்னால், அதில் ஒரு பொய் ஒளிந்திருக்கும். ராஜகுமாரி கெப்பாலா பத்தாஸில் கப்பல் ஏறினாள் என்பார்... அங்கே ஏது கடல், வயல்தானே இருக்கிறது என்று மகள் பிடித்துவிடுவாள். கூட்டல் கழித்தலிலும் இதே தில்லுமுல்லுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில நாள் அம்மா தப்பே செய்ய மாட்டார். அன்று மகள் அவசரப்பட்டுப் 'பிடிச்சிட்டன்' என்றால், ஆட்டம் அம்மாவுக்கு. தப்பு என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் தப்பு என்றும் சொல்ல வேண்டும். நானும் சில காலம் டீச்சராக இருந்தவள்தான். "புரிந்ததா?" என்று கேட்பேன், வகுப்பே தலையாட்டும், நானும் திருப்தியாக அடுத்த பாடத்துக்குப் போவேன். இந்த அம்மாவின் யோசனையில் ஒரு துளி எனக்கு அன்று வந்திருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருந்தது. உண்மையிலேயே பொறாமை.

இப்போது கால் தேறிவிட்டது. யோகத்தைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது அக்காவின் தவம். கணவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வயதுக்கு ஏற்ற மாதிரி ஸ்டாண்டர்ட் ஃபோரில் எடுத்தால் போகட்டும். ஸ்டாண்டர்ட் ஒன்றுக்கும் கீழே இருக்கும் ப்ரைமரியில் குட்டிப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் வேண்டாம்... வீட்டிலேயே தையல் பழகட்டும். அவர் கெட்டவர் இல்லை, உறவுக்காரர்களின் வாய்க்குப் பயந்தவர். திங்கட்கிழமை டெஸ்ட். நான் முன்பு வேலை பார்த்த பள்ளி என்பதால் துணைக்கு என்னையும் கூப்பிட்டார் அக்கா.

பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே பெரிய மிஸ் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவர், ஆனால் அவர் அறையில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. முதலில் வாசிக்கச் சொன்னார். யோகம் தட்டுத் தடுமாறினாலும் வாசித்துவிட்டாள். அடுத்தது கணக்கு. பிள்ளை பள்ளிக்கே வராதவள் ஆயிற்றே, முதலில் ஒன்றைச் செய்து காட்டுவோம் என்று மிஸ் போர்டுக்குப் போனார். ஐநூற்று மூன்றில் இருநூற்று எழுபத்தெட்டைக் கழித்தார். இருநூற்று முப்பத்தைந்து என்று எழுதினார்.

யோகம் போர்டைப் பார்த்தாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் பளிச்சென்று மின்னியது.

"பிடிச்சிட்டன்" என்றாள். கைதட்டிச் சிரித்தாள்.

அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. பாவம் அந்தப் பிள்ளை, உலகத்தில் எல்லா டீச்சர்களும் வேண்டுமென்றேதான் தப்பு செய்வார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இவள் என்ன சொல்கிறாள் என்று மிஸ் என்னைக் கேட்டார். 'புரிந்துவிட்டது என்கிறாள்' என்று ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் யோகம் எழுந்து போய், போர்டில் இருந்த சைபரைத் தொட்டுக் காட்டினாள். அம்மா கற்றுத்தந்த இங்கிலீஷில், இது பத்தாகி, பக்கத்து மூன்றுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டதே, பிறகும் எப்படிப் பத்தாகவே இருக்கும் என்று கேட்டாள். ஏன் தப்பு என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

மிஸ் திரும்பிப் பார்த்தார். அவர் கழுத்து மெல்லச் சிவந்தது. டஸ்டரை எடுத்து விடையை அழித்தார், இருநூற்று இருபத்தைந்து என்று திருத்தினார். அதற்குப் பிறகுதான் நான் சொங்காக் கதையையும் புலிக் கதையையும் உளறிக் கொட்டினேன். இவளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது யார் என்றார் மிஸ். நான்தான் என்று அக்கா எழுந்து நின்றார், கோர்ட்டில் நிற்பவர் மாதிரி.

மிஸ் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"ஸ்டாண்டர்ட் ஃபோர்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இப்படிப் பிழை பிடிக்கிறவளுக்கு முன் பெஞ்சா கடைசி பெஞ்சா என்பதை அந்த வகுப்பு டீச்சரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அவர் உதட்டோரத்தில் தெரிந்தது சிரிப்பு என்றே நினைக்கிறேன்.

ரிக்‌ஷாவில் அக்கா சந்தோஷத்தில் அழுதுகொண்டே வந்தார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. பினாங்கு ரோடு திரும்பும்போது யோகம் கேட்டாள்.

"அம்மா, மிஸ் வேணுமெண்டு பிழை விடேல்லைத்தானே?"

"ஓம் பிள்ளை."

"அப்ப அது விளையாட்டில்லையோ?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? பெரியவர்கள் தப்பு செய்தால் காணாத மாதிரி இருந்துவிடு என்றிருப்பேன். நமக்கெல்லாம் சொல்லித்தந்த புத்திமதி அதுதானே? அதைக் கேட்டுத்தான் நம்மில் பாதிப் பேர் ஆபீஸ் ஆபீஸாகத் தலையாட்டிக்கொண்டு, பென்ஷனுக்குக் காத்திருக்கிறோம்.

அக்கா மகளின் பின்னலைச் சரிசெய்தார்.

"பிடி பிள்ளை" என்றார். "ஆனா சிரிக்காதை."