சைக்கிள் லாரி

நாகவல்லிக்கு இருந்த வாய் குமணன்சாவடியில் வேறு யாருக்கும் கிடையாது. திருமழிசை எஸ்டேட்டில் பேனா பேக்கிங் பண்ணுகிற கம்பெனியில் வேலை. அங்கே ஒருத்தி லீவு போட்டால் பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வாள், வேலை நிற்காது. அவள் தெருவில்தான் அப்படி ஒன்றும் நடக்காது. தொண்ணூற்று மூணு கோடையில் தண்ணி லாரி ஒரு நாள் ரேஷன் கடையில் நிற்கும், மறுநாள் டிரான்ஸ்பார்மர் பக்கம் நிற்கும். டிரைவர் இஷ்டம். உடனே வரிசை கலையும், குடுமிப்பிடி சண்டை நடக்கும். இந்தக் கூத்தில் நாகவல்லி மூன்று தடவை ஷிப்டுக்கு லேட். இன்னொரு தடவை லேட்டானால் வேலை காலி என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

"தெனம் இன்னாத்துக்கு அடிச்சிகினு சாவணும்? ஒத்திகை பாத்துக்கலாம் வாங்கடி" என்றாள்.

லாரிக்கு எங்கே போவது? இருக்கவே இருக்கான் புருஷன் தேவராஜ். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கேரியரில் காலி டிரம்மைக் கட்டிக்கொண்டு, வாயாலேயே ஹாரன் அடித்து வந்தான். கண்ட இடத்தில் பிரேக் போடுவது அவன் வேலை. தெருப் பொம்பளைகள் பூரா தன் பின்னால் ஓடிவருகிற யோகம் யாருக்கு வாய்க்கும்? மனுஷன் அன்றைக்குச் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

நாகவல்லி நடுத்தெருவில் நின்று கத்தினாள். "லாரி எங்க நின்னாலும் கிட்ட கீறவ ஓஸ் பைப்பப் புடி! மத்தவங்க அவ பின்னாடி சேரு! ஆளு கொறஞ்சா அடுத்தவ நவுரு!"

எதிர்வீட்டு முனியம்மாவுக்கும் இவளுக்கும் ஏழாம் பொருத்தம். "ஆளு கூடிச்சின்னா?" என்று கேட்டாள்.

"கூட ஆளு எங்கேந்துடி வரும், ஒம் மாமியா ஊட்லேந்தா? கேக்கறா பாரு கேள்வி!"

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு லாரி வந்தது. ஒத்திகையிலேயே இல்லாத மீன்கடை வாசலில் போய் நின்றது. அடி சக்கை! கண்மூடித் திறப்பதற்குள் வரிசை வளைந்து அங்கே நின்றது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நாகவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை. பத்து குடம் நிறைந்த பிறகுதான் தன் காலடியைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு குடமும் காலி. ஒத்திகை பூரா கத்தினாளே தவிர, வரிசையில் நிற்கவேயில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். பஸ் ஏழு பத்துக்கு.

"எனக்குக் கொஞ்சம் எடம் உடுங்கடி" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

யாரும் நகரவில்லை. ஆள் குறைந்தால் நகரத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அடுத்து பிடிக்க வேண்டியவள் முனியம்மா. திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கே கேட்டனே, ஆளு கூடிச்சின்னா இன்னா பண்றதுன்னு. இன்னா சொன்ன?"

நாகவல்லியின் வாய் முதல் தடவையாக இறங்கி வந்தது. "தெரியாம சொல்ட்டேண்டி" என்றாள். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

முனியம்மா தன் குடத்தைக் காலால் ஓரடி பின்னால் தள்ளினாள். அதைப் பார்த்து அவளுக்குப் பின்னால் நின்றவளும் தள்ளினாள். கடைசி ஆள்வரை தள்ளிக்கொண்டே போனார்கள்.

அந்த இடத்தில் புகுந்து நாகவல்லி ஒரு குடம்தான் பிடித்தாள். அதை வீட்டில் இறக்கிவிட்டு, குளிக்காமல்கூட ஓடினாள். பஸ் கிடைத்தது, வேலையும் தப்பியது.

அடுத்த ஞாயிறு ஒத்திகையில் நாகவல்லி வரிசையில் ஏழாவதாக நின்றாள். கத்துகிற வேலை தேவராஜுக்குப் போனது. அவன்தானே லாரி, வரிசையில் நின்று லாரிக்குத் தண்ணி எதற்கு? அவன் ஹாரனுக்கு வாயைத் திறந்தான். நாகவல்லி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருய்யா. இன்னும் வரிசைல இல்லாதவ யாரு, மொதல்ல அதைச் சொல்லுங்கடி."