மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குரல்

எங்கள் வீட்டில் எந்தப் படம் போட்டாலும் முதலில் சப்டைட்டில் ஓடவேண்டும். அமெரிக்கா வந்து இத்தனை வருஷமாகியும் மாறாத பழக்கம். அதனாலேயே, காது கேட்காமல் போன என் மனைவிக்கு ஆபரேஷன் செய்து காதில் கருவி பொருத்திய பிறகும் பேச்சு புரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. டிவியில் எழுத்தைப் படித்துவிடுவாள். நேரில் உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவாள், கெட்டிக்காரி. கேட்டால், "கேக்குதுங்க, சும்மா நொய் நொய்ங்காதீங்க" என்பாள்.

ஒருநாள் மட்டும், "எல்லாரும் தகர டப்பாக்குள்ளருந்து பேசற மாதிரி இருக்கு, வார்த்தையே பிரியல" என்றாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இங்கே எங்கள் டப்ளின் ஊர் லைப்ரரியிலிருந்து ஒரு டிவிடி எடுத்து வந்தாள். பிரிட்டனில் சினிமா பேச ஆரம்பித்த புதிதில் வந்த கொலைப் படம். காலேஜ் நாளில் அவள் உருகி உருகிப் படித்த நாவலை வைத்து எடுத்ததாம். சப்டைட்டில் கிடையாது.

"எனக்குத்தான் கதை தெரியுமே. டாக்டர்தான் கொலைகாரன்" என்று படம் ஆரம்பிக்கும் முன்பே போட்டு உடைத்தாள். ரொம்ப நன்றி.

படத்தில் பின்னணி இசையே இல்லை. எங்கோ ஒளித்து வைத்த மைக்குக்குப் பயந்து நடிகர்கள் நின்ற இடத்தைவிட்டு நகராமல், நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். அந்தக் குரல்களும் தகர டப்பாவுக்குள்ளிருந்துதான் வந்தன. இவள் எங்களையெல்லாம் இப்படித்தான் கேட்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் திரையில் ஒரு மூடிய கதவு மட்டும். ஆள் தெரியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், செத்தவளின் அண்ணன் தான்தான் என்றும், கொன்றதும் தான்தான் என்றும் சொன்னது.

"அடப்பாவி, அண்ணனா? புக்குல டாக்டர்தானே கொன்னான்! கதையையே மாத்திட்டாங்க!"

கத்தியது என் மனைவி. படிக்க எழுத்தில்லை, பார்க்க உதடில்லை. இவளுக்குத் தெரிந்த கதையும் இல்லை. எப்போதோ செத்துப்போன ஒரு நடிகரின் குரல் கடல் தாண்டி, காலம் தாண்டி வந்து இவளுக்குள் வார்த்தையாகிவிட்டது. அவள் முகத்தில் பேயறைந்த மாதிரி ஒரு திகைப்பு. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"நீங்க சுவரப் பாத்து நின்னு ஏதாவது பேசுங்க."

போய் நின்றேன். எவ்வளவோ சொல்லியிருக்கலாம்.

"காபி போடட்டுமா?" என்றேன்.

முதுகுக்குப் பின்னால் உடைந்த குரலில் பதில் வந்தது.

"சர்க்கரை கம்மியா."